அரசவாரிசும் ஊர் ஒதுக்கியவனும்: இளையோருக்கான மாயக்கதை நாவலை எழுதும் ஒழுங்கு

அரண்மனையில் பிறந்த ஒருத்தி, ஊருக்குள் காலடி வைக்க உரிமையில்லாத ஒருவன், இருவரையும் சுற்றி ஒரு மாயம். யாழ்ப்பாணத்தில் நாவல் எழுதத் தொடங்கும் இளையவர்கள் பலர் இந்தக் கதையோடுதான் வருகிறார்கள். மூன்றாம், நான்காம் அத்தியாயத்தில் நின்றும் விடுகிறார்கள். அவர்களின் பிரதிகளை வாசிக்கும்போது காரணம் தெளிவாகவே தெரிகிறது. அரண்மனையை இரண்டு பக்கத்துக்கு வர்ணித்திருப்பார்கள். அவனை ஊர் ஏன் ஒதுக்கியது என்பதை யோசித்திருக்கவே மாட்டார்கள்.

கீழே உள்ள ஒழுங்கு அதற்காகத்தான். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வேண்டியதைத் தருகிறது. மாற்றிச் செய்தால் பாதியில் திரும்பி வரவேண்டியிருக்கும்.

1. தொடங்குமுன்

முதலில் ஒரு முடிவு எடுங்கள்: நிஜமான யாழ்ப்பாண இராச்சியமா, நீங்கள் உருவாக்கும் அரசா?

நிஜ இராச்சியம் என்றால் முடிவு எல்லோருக்கும் தெரியும். 1619இல் போர்த்துக்கேயர் நல்லூரைப் பிடித்தார்கள்; கடைசி அரசன் சங்கிலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அந்த முடிவை மாற்றினால் வாசகர் உங்களோடு சண்டைக்கு வருவார்; மாற்றாவிட்டால் உங்கள் பாத்திரங்களுக்கு அசைய இடமில்லை. முதல் நாவலுக்கு, யாழ்ப்பாணத்தின் மண்ணையும் தண்ணீரையும் காற்றையும் எடுத்து, அரசை நீங்களே உருவாக்குவது நல்லது. இந்த வழிகாட்டி அந்த வழியைத்தான் பின்பற்றுகிறது.

பின்னணி வாசிப்புக்கு ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் பழைய ஈழத்து நூல்களை இலவசமாக வாசிக்கலாம். மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் எழுதிய ‘யாழ்ப்பாண வைபவமாலை’யை ஒருமுறை வாசியுங்கள். அதில் வரலாறும் கதையும் கலந்து கிடக்கின்றன. நாவலாசிரியருக்கு அது வசதிதான்.

இவற்றோடு ஒரு கொப்பி, குடாநாட்டு வரைபடம் ஒன்று, உங்கள் எழுத்தை வாசிக்கச் சம்மதிக்கும் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர். கடைசியாகச் சொன்னதை முதலிலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வாசிப்பவர் முகம் மனதில் இருந்தால் வர்ணனை தானாகக் குறையும்.

2. ஒதுக்கும் சட்டத்தை எழுதுங்கள்

பாத்திரங்களுக்குப் பெயர் வைக்குமுன் இதைச் செய்யுங்கள். நாவல் முழுவதும் இதன்மேல்தான் நிற்கப்போகிறது. ஒரே ஒரு பக்கம் போதும். ஐந்து கேள்விகளுக்கு அதில் பதில் இருக்கவேண்டும்: அவனுக்கு எது எது தடை? தடையை யார் காவல் காக்கிறார்கள்? மீறினால் என்ன தண்டனை? அதை நியாயப்படுத்த ஊர் என்ன கதை சொல்கிறது? அதனால் யாருக்கு இலாபம்?

தொடக்கத்தில் எழுதுபவர்கள் “எல்லோரும் அவனை வெறுத்தார்கள்” என்று ஒரு வரியோடு கடந்துவிடுவார்கள். வெறுப்பு என்பது உணர்ச்சி; அதை வைத்து ஒரு காட்சியை நடத்த முடியாது. “ஊர்க் கிணற்றில் அவன் கயிறு போடக் கூடாது, யாராவது இறைத்து ஊற்றும்வரை குடத்தோடு காத்து நிற்கவேண்டும்” என்று சட்டமாக எழுதினால் உடனே காட்சி வந்துவிடுகிறது. எவ்வளவு நேரம் நிற்கிறான்? யார் ஊற்றுகிறார்? ஊற்றாமல் போகிறவர் யார்?

இதை எழுதக் கற்பனை தேவையில்லை. நம் ஊரிலேயே கிணறும் கோயிலும் தேநீர்க்கடையும் பள்ளிக்கூட வாங்கும் ஒரு பகுதி மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன. என்ன உடுக்கலாம், குடை பிடிக்கலாமா, செத்தவீட்டில் எந்த மேளம் அடிக்கலாம் என்பதற்கெல்லாம் விதி இருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும், 1968இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் போக மக்கள் போராடவேண்டியிருந்தது. அதை வாழ்ந்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கலாம், சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள். கேட்டதை அப்படியே ஒருவருடைய வாழ்க்கையாக நாவலில் வைக்கவும் வேண்டாம்.

நிஜமான சாதிப் பெயரை மாயக்கதைக்குள் கொண்டுவராமல் இருப்பது நல்லது. பதின்மூன்று வயது வாசகர் ஒருவர் தன் குடும்பத்தைச் சொல்லும் வசைச்சொல்லை உங்கள் புத்தகத்தில் சந்திக்கக் கூடாது. பெயரை நீங்களே உருவாக்குங்கள். இந்த வழிகாட்டிக்காக நான் ‘புறவெளியார்’ என்று வைத்துக்கொள்கிறேன். இவர்கள் சாயவேர் கிண்டுபவர்கள். குடாநாட்டிலும் தீவுகளிலும் ஒருகாலத்தில் சாயவேர் கிண்டிச் சிவப்புச் சாயம் எடுத்தார்கள். என் கதையில் அரசியின் முடிசூட்டுச் சேலைக்குச் சிவப்பைத் தருவது புறவெளியாரின் கை. சாயம் ஏறிய பிறகு அந்தச் சேலையை அவர்கள் தொடக் கூடாது.

இப்படி ஒரு பொருளைக் கண்டுபிடியுங்கள். அரசு ஒதுக்கும் கையும் அரசுக்கு வேண்டிய கையும் ஒன்றாக இருக்கவேண்டும். அப்போதுதான் அவனுடைய கதையும் அவளுடைய கதையும் ஒரே கதையாகின்றன.

இந்தப் படியில் வரும் பெரிய பிழை இன்னொன்று: கடைசி அத்தியாயத்தில் அவன் காணாமற்போன இளவரசன் என்று தெரியவருவது. திருப்பம் என்று நினைத்து ஆசையோடு வைப்பார்கள். அதைச் செய்தவுடன் நாவல் முழுவதும் கேட்ட கேள்வி அழிந்துபோகிறது. ‘இவனை ஒதுக்கியது பிழை, ஏனென்றால் இவன் உண்மையில் உயர்ந்தவன்’ என்றாகிவிடும். அப்போது மற்றப் புறவெளியாரை ஒதுக்கியது சரியா? நம் காத்தவராயன் கூத்தில் காத்தான் முத்துமாரியின் மகன். ஆரியமாலைமேல் ஆசைப்பட்டுக் கழுமரம் ஏறுகிறான். தெய்வப்பிறப்பு என்பது கூத்துக்கும் நேர்த்திக்கும் பொருந்தும். உங்கள் நாயகன் (என் கதையில் அவன் பெயர் வேலன்) புறவெளியில் பிறந்தவனாகவே கடைசிவரை இருக்கட்டும்.

3. அரியணை எப்படிக் கைமாறுகிறது?

வாரிசு என்றாலே யாரோ ஒருவருக்கு அவள் இடைஞ்சல். அந்த யாரோ யார் என்பதை உறவுமுறையில் இருந்து கண்டுபிடியுங்கள்.

இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். அரியணையைப் பறிக்கும் பொல்லாத ‘மாமா’ ஒருவரைக் கொண்டுவருவார்கள். தந்தைவழியில் போகும் அரசில் தாய்மாமனுக்கு நேரடி உரிமை கிடையாது. உரிமை கேட்கக்கூடியவர் சித்தப்பா அல்லது பெரியப்பா. தாய்மாமனுக்கு வேறு வழி இருக்கிறது: தன் மகனை, அதாவது அவளுடைய மச்சானை, அவளுக்குக் கட்டிவைப்பது. சித்தப்பாவுக்கு அவள் சாகவேண்டும். மாமாவுக்கு அவள் உயிரோடு இருந்து சொல்கேட்கவேண்டும். இரண்டும் இரண்டு விதமான ஆபத்து. தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே தேவையில்லை, ‘மச்சான்’ என்று ஒரு சொல் வந்தாலே புரிந்துவிடும்.

வரலாற்றில் இருந்து எடுக்கக்கூடிய நல்ல சங்கதிகள் உண்டு. யாழ்ப்பாண அரசர்கள் செகராசசேகரன், பரராசசேகரன் என்ற இரண்டு பட்டப்பெயர்களை மாறி மாறிச் சூடினார்கள். பட்டப்பெயர் வாரிசின் சொந்தப் பெயரை விழுங்கிவிடுகிறது என்பதை வைத்தே ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் பயத்தைச் சொல்லலாம். 1450 அளவில் கோட்டை அரசின் படைத்தலைவன் சப்புமல் குமாரயா படையெடுத்து வந்தபோது யாழ்ப்பாண அரசன் கனகசூரிய சிங்கையாரியன் பிள்ளைகளோடு தமிழகத்துக்குத் தப்பிப் போய், 1467இல் திரும்பி வந்து ஆட்சியைப் பிடித்தான். அந்நிய ஊரில் வளர்ந்து, அறியாத சொந்த ஊருக்கு அரசபிள்ளையாகத் திரும்பும் பிள்ளைகளின் மனம் எப்படி இருந்திருக்கும்? அது ஒரு தனி நாவலுக்குக் காணும்.

என் கதையில் வாரிசின் பெயர் ஆதிரை. இந்தப் படியின் முடிவில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: ‘ஆதிரை முடியை மறுத்தால் இழப்பது ____.’ கோடிட்ட இடத்தில் ‘எதுவுமில்லை’ என்று வந்தால் அவளுக்கு இன்னும் கதை இல்லை.

4. மாயத்துக்கு விலை வையுங்கள்

மாயத்தை நான்காவதாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. முதலில் மாயத்தை யோசிப்பவர்கள் தீ, மின்னல், பறவையாக மாறுவது என்று பட்டியல் போடுவார்கள். அது ஒதுக்கலோடும் அரியணையோடும் ஒட்டாமல் தனியே நிற்கும். சட்டமும் அரியணையும் கையில் இருந்தால், ‘இந்த இரண்டையும் தாங்கிப்பிடிக்கும் மாயம் எது’ என்று மட்டும் கேட்டால் போதும்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, நிலத்தடியில் உப்புநீருக்கு மேல் நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிக் கிணறு சவராகிவிடும். புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. இதைவிட நல்ல மாய விதியை யாரும் இருந்து யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

என் கதையில் அரசகுலத்துக்குத் தண்ணீரைக் கூப்பிடும் வரம் இருக்கிறது. ஆண்டுக்கொருமுறை அரசி கேணியில் இறங்கிப் பாடினால் ஊர்க் கிணறுகளில் நன்னீர் ஊறும். மக்கள் கும்பிடுவார்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? புறவெளியாரின் நிலத்துக்கு அடியில் இருந்து. ஒவ்வொரு பாட்டுக்கும் அங்கே ஒரு கிணறு சவராகிறது. ‘அவர்கள் தொட்டால் தண்ணீர் உப்பாகும்’ என்று ஊர் சொல்லும் கதை அப்படிப் பிறந்ததுதான். சட்டம், அரியணை, மாயம் மூன்றும் ஒரே முடிச்சில் வந்து சேர்கின்றன. ஆதிரை செய்யும் மிகப் புனிதமான காரியமே வேலனின் ஊரைக் காயவைக்கிறது.

உங்கள் மாயத்தைச் சோதிக்க ஒரு கேள்வி: இதைப் பயன்படுத்தும்போது செலவை யார் கொடுக்கிறார்? பயன்படுத்துபவரே களைத்து விழுவது ஒரு விலைதான், ஆனால் அது மலிவானது. வேறொருவர் விலை கொடுப்பதாக வைத்தால் பயன்படுத்துபவருக்கு மனச்சாட்சி பிறக்கிறது.

மாய விதிகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். நான்காவது தேவைப்பட்டால் கதைப்பின்னலில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். அதைப் போய்த் தேடுங்கள்.

5. இருவரும் சந்திக்கும் இடம்

சட்டம் தளரும் இடமாகப் பாருங்கள். நள்ளிரவுக் கிணற்றடி, புயல்நேரத் தோணி, சுடலை, பனங்கூடல். சந்தையில் மோதிக்கொண்டு விழுவது, குதிரையில் வந்து காப்பாற்றுவது இரண்டையும் தவிருங்கள். முதலாவதில் சட்டம் தெரியாது. இரண்டாவதில் அவள் கொடுப்பவள், அவன் வாங்குபவன் என்று உறவு நிலைத்துவிடும், பிறகு நூறு பக்கம் எழுதினாலும் அது சமனாகாது.

ஒருவரிடம் இல்லாத ஒன்று மற்றவரிடம் இருக்கவேண்டும். ஆதிரைக்குப் பாட்டுத் தெரியும், தண்ணீர் போகும் பாதை தெரியாது. சாயவேர் கிண்டிப் பழகிய வேலனுக்கு நிலத்தடி தெரியும், கேணிக்குள் இறங்க உரிமை இல்லை. முதல் சந்திப்பிலேயே அவர்கள் நம்பவேண்டாம். தேவை வந்தால் போதும்.

காதலா, நட்பா என்பதை இந்த இடத்தில் முடிவு செய்யாதீர்கள். முதல் வரைவு பாதி போனபிறகு அவர்களே காட்டுவார்கள். காதல் என்று முன்கூட்டியே தீர்மானித்த பிரதிகளில் சட்டம் மெல்ல மறைந்து, ‘வீட்டில் சம்மதிக்கவில்லை’ என்ற கதையாகச் சுருங்கிப்போவதைப் பார்க்கிறேன்.

6. வரைபடம், காற்று, சாப்பாடு

கொப்பியில் ஒரு வரைபடம் கீறுங்கள். தூரங்களைக் கால்நடையில் எழுதுங்கள். நல்லூரில் இருந்து கீரிமலை ஏறத்தாழ 18 கிலோமீற்றர், அரைநாள் நடை. இவ்வளவு சிறிய நிலத்தில் ‘ஏழு நாள் பயணம்’ நம்பும்படியாக இராது. நீண்ட பயணம் வேண்டுமென்றால் கடலையும் களப்பையும் தடையாக வையுங்கள். அல்லது ஆனையிறவைத் தாண்டி வன்னிக்காட்டுக்குப் போங்கள்.

காற்று இங்கே காலண்டர் மாதிரி. ஆண்டின் நடுவில் சோளகம் அடிக்கும்போது தீவுக்குப் போகும் தோணிக்கு ஆபத்து. ஐப்பசி, கார்த்திகையில் மாரிமழை. எந்த அத்தியாயம் எந்த மாதம் என்று ஓரத்தில் குறித்துவைத்தால், கிணறு வற்றும் காட்சியைத் தவறுதலாக மார்கழியில் வைக்கமாட்டீர்கள்.

மலை, அருவி, பனிமூட்டக் காடு எல்லாம் வேறெங்கோ பார்த்த படங்களில் இருந்து வருபவை. ஒளிய இடம் வேண்டுமா, வடலிக்காடு இருக்கிறது. இரகசிய வழி வேண்டுமா, சுண்ணாம்புக்கல்லுக்குள் குகை இருக்கிறது. பாலைவனம் வேண்டுமென்றாலும் மணற்காட்டில் மணல்மேடு இருக்கிறது.

பழைய காலச் சாயல் வேண்டுமென்றால் சாப்பாட்டைக் கவனியுங்கள். மிளகாய், புகையிலை, பப்பாசி மூன்றும் ஐரோப்பியர் வழியாக அமெரிக்கக் கண்டங்களில் இருந்து வந்தவை. ஒடியற்கூழுக்கு மிளகு போடுங்கள். நெடுந்தீவில் இன்று திரியும் குதிரைகளும் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தோடு சேர்ந்தவைதான். மந்திரிமனையைப் பார்த்து அரண்மனையை வர்ணிப்பவர்களும் உண்டு. இப்போது நிற்பது ஐரோப்பியச் சாயல் கலந்த பிற்காலக் கட்டடம்.

7. அத்தியாயத் திட்டம்

முப்பது வரிகள் எழுதுங்கள், அத்தியாயத்துக்கு ஒரு வரி. ஒன்றை அவள் பார்வையில், அடுத்ததை அவன் பார்வையில் மாற்றி மாற்றிச் சொல்வது இந்தக் கதைக்குப் பொருந்தும். ஒரே கிணற்றை இரண்டு பக்கத்தில் இருந்தும் காட்டலாம்.

பதினைந்தாவது வரியில் உண்மை உடையவேண்டும்: பாட்டுத்தான் கிணற்றைச் சவராக்குகிறது என்று ஆதிரைக்குத் தெரியவருவது. கடைசிக்கு வைத்தால் அவள் அதோடு வாழும் பகுதி இல்லாமல் போய்விடும். தெரிந்தபிறகும் ஒருமுறை பாடவேண்டிய நெருக்கடி அவளுக்கு வரட்டும். நாவலின் மிகக் கனமான அத்தியாயம் அதுவாக இருக்கும்.

முடிவையும் இப்போதே எழுதிவிடுங்கள். அரசி நல்லவளாகிச் சட்டத்தை ஒரு கையெழுத்தில் நீக்குவது நம்பக்கூடிய முடிவல்ல. புறவெளியார் தாங்களே ஏதாவது செய்யவேண்டும்: சாயவேர் கிண்டுவதை நிறுத்தலாம், கேணிக்குள் இறங்கலாம். ஆதிரையின் வேலை குறுக்கே நிற்காமல் இருப்பதும், அதற்கு விலை கொடுப்பதும்.

8. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள்

கதை சொல்வதை எளிய எழுத்துத்தமிழிலும், உரையாடலை யாழ்ப்பாணப் பேச்சிலும் வையுங்கள். “போறன்”, “வாறியளோ”, “எங்கடை தண்ணி” என்று எழுதத் தயங்கவேண்டாம். தூய தமிழில் பேசும் பதினாறு வயதுப் பிள்ளையை எந்தப் பதினாறு வயது வாசகரும் நம்பமாட்டார்.

நம் பேச்சில் நீ, நீர், நீங்கள் மூன்றும் உயிரோடு இருப்பது உங்களுக்குக் கிடைத்த கொடை. ஒரு அட்டவணை போடுங்கள். தொடக்கத்தில் வேலன் அவளை “நாச்சியார்” என்கிறான், அவள் “நீ” என்கிறாள். எந்த அத்தியாயத்தில் அவள் “இரும்” என்று சொல்கிறாள்? எந்த அத்தியாயத்தில் அவன் “நீ” என்கிறான்? இந்த இரண்டு இடங்களும் தெரிந்தால் உறவு வளர்வதைத் தனியே விளக்கத் தேவையில்லை. அட்டவணை இல்லாமல் எழுதினால் ஒரே பக்கத்தில் மூன்றும் கலந்துவரும்.

9. வரைவும் வாசகரும்

நாளுக்கு ஒரு பக்கம் என்றாலும் தொடர்ச்சியாக எழுதுங்கள். முதல் அத்தியாயத்தைத் திருத்தத் திரும்பாதீர்கள். கடைசி அத்தியாயம் முடிந்தபிறகு எப்படியும் அதை மாற்றித்தான் எழுதப்போகிறீர்கள். ஐம்பதாயிரம் சொல் அளவு இளையோர் நாவலுக்குப் போதும்.

வரைவு முடிந்ததும் அந்த இரண்டு பிள்ளைகளிடம் கொடுங்கள். ‘நல்லா இருக்கா’ என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஓம் என்பார்கள். எந்தப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனீர்கள், யார்மேல் கோபம் வந்தது என்று கேளுங்கள். ஒதுக்கலை அனுபவித்த குடும்பத்தைச் சேர்ந்த வளர்ந்தவர் ஒருவரும் வாசிக்கவேண்டும். அவர் நெருடுகிறது என்று சொல்லும் இடத்தில் வாதாடாதீர்கள். அந்தப் பக்கத்தை மறுபடி எழுதுங்கள்.

10. அச்சகத்துக்குப் போகுமுன்

சர்வதேசத் தர நூல் எண்ணுக்கு (ISBN) கொழும்பில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு விண்ணப்பிக்கவேண்டும். அட்டை வடிவமைப்பை முடிக்குமுன் செய்துவிடுங்கள், எண் பின்னட்டையில் வரவேண்டும். அச்சுச் செலவைப் பாரக் கணக்கில் சொல்வார்கள், பதினாறு பக்கம் ஒரு பாரம். பக்க எண்ணிக்கையைப் பதினாறால் வகுபடும்படி அமைத்தால் வெற்றுத்தாளுக்குக் காசு கொடுக்கவேண்டியிராது.

நீங்கள் யுனிகோடில் தட்டச்சு செய்திருப்பீர்கள். பல அச்சகங்களில் பக்க வடிவமைப்பு, யுனிகோட் அல்லாத பாமினி என்ற பழைய எழுத்துருவில் நடக்கிறது. மாற்றும்போது எழுத்துகள் குழம்பும். குறிப்பாக ‘ஐ’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ஜ’ வந்துவிடும்: ஐந்து ‘ஜந்து’ ஆகும், ஐயா ‘ஜயா’ ஆவார். ஔகாரத்தையும் பாருங்கள். அச்சுப்படி கைக்கு வந்ததும் கதையாக வாசிக்காமல், கடைசிப் பக்கத்தில் இருந்து பின்னோக்கி இந்த எழுத்துகளை மட்டும் ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.